பள்ளிக்கூடச் சுவரில் மயில்

மதுரையில் நான் சுவர் எழுதுகிறவன். பேர் பாண்டி. படிப்பு ஆறாவது. எழுத்து அழகாக வரும். என்ன எழுதச் சொல்கிறார்கள் என்று யோசிக்க மாட்டேன். கட்சிக்காரர் தாள் கொடுத்தால் கட்சி, சிமெண்டுக்காரர் தாள் கொடுத்தால் சிமெண்ட்.

வித்யா மேடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் வைத்திருக்கிறார். ஒரு சேவைச் சங்கத்துக்கும் தலைவி. ஒரு நாள் கூப்பிட்டார்.

"பாண்டி, ஸ்ரீலங்காவுல டீ எஸ்டேட் குழந்தைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கப் போறோம். நீயும் வந்து ஸ்கூல் சுவத்துல படம் வரைஞ்சு குடு."

துபாய் போக எடுத்த பாஸ்போர்ட் பெட்டியில் சும்மா கிடந்தது. சரி என்றேன்.

மொத்தம் எட்டுப் பேர் போனோம். ஏழு பேர் சொல்லிக்கொடுக்க, ஒருத்தன் வரைய. ஏழு பேரில் வாத்தியார் வேலை பார்த்தவர் ஒருத்தரும் இல்லை. ஒருவர் நகைக்கடை. ஒருவர் பல் டாக்டர். மற்றவர்கள் இவர்களுக்குச் சொந்தம். எல்லாருக்கும் மஞ்சள் பனியன், முதுகில் 'ஒளி ஏற்றுவோம்'. அந்த எழுத்தும் என் கை எழுத்துதான்.

இலங்கையில் பதுளைக்குப் போய் இறங்கியதும் மேடம் ஃபில்டர் காபி கேட்டார். சுற்றிலும் தேயிலை மலை. கடைக்காரர் ஒரு நிமிஷம் மேடத்தைப் பார்த்தார். "டீ இருக்குங்க" என்றார்.

அங்கிருந்து லுணுகலை பஸ்ஸில் கூட்டம். பாட்டுச் சத்தத்தில் காது அடைத்தது. என் பெயிண்ட் டின்களை அப்போதுதான் காலியான ஒரு சீட்டில் வைத்தேன். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற அம்மா தமிழில் மாற்றிச் சொன்னார்.

"டின்னுக்கும் டிக்கட் எடுக்கணுமாங்க. நாங்கல்லாம் நிக்கிறோம், டின்னு உக்காந்து வருதாம்."

பஸ்ஸே சிரித்தது. டின்னைக் கீழே இறக்கினேன். பசறை தாண்டி ஒரு வளைவில் மஞ்சள் டின் சாய்ந்து மூடி திறந்துகொண்டது. நகைக்கடைக்காரரின் இரண்டு செருப்பும் தங்கமாகிவிட்டன. அவர் திட்டவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் அதைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

கடைசி மூன்று மைல் பஸ் போகாது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் டிராக்டர் வந்தது. அதில் நின்றபடி போனோம். மேடம் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே, "இந்த மக்கள் தினமும் இப்படித்தான் பயணம் செய்றாங்க" என்று பேசினார். டிராக்டர் ஓட்டியவர் திரும்பி, "இல்லிங்க, நாங்க நடந்துதாங்க போவோம். இது கொழுந்துக்கு" என்றார். அதை மேடம் படத்திலிருந்து எடுத்துவிட்டார்.

தோட்டத்தில் தங்க ஒரு பழைய வீடு கொடுத்தார்கள். சமைத்துப் போட செல்வி என்ற அம்மா வந்தார். பகலில் கொழுந்து பறிப்பவர், பொழுது சாய்ந்தால் எங்களுக்கு அடுப்படி. தேங்காய் ரொட்டியும் சம்பல் என்கிற காரத் துவையலும் போட்டார். நான் ஐந்து தின்றேன். மேடமும் மற்றவர்களும் மதுரையிலிருந்து கொண்டுவந்த இட்லிப் பொடியை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார்கள்.

டீ மட்டும் மண் மாதிரி இருந்தது. "என்னம்மா, தேயிலைத் தோட்டத்துல தூள் இப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லதெல்லாம் கப்பல்ல போயிரும்ணே. நாங்க கிள்ளுறதோட சரி. கூட்டி அள்ளுற தூளுதான் நமக்கு."

மறுநாள் பள்ளிக்கூடம். ஒரே ஹால், ஒரு வராந்தா, தகரக் கூரை. ஐந்தாம் வகுப்போடு சரி. நாற்பது பிள்ளைகள் இருக்கும். இரண்டு டீச்சரில் ஒருவர் பிரசவ லீவில். இருக்கிறவர் சிவநேசன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். பன்னிரண்டு வருஷமாக இங்கே. மெலிந்த ஆள், இஸ்திரி போட்ட சட்டை.

எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை. மேடத்துக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வீட்டு வேலை நடுவில் சொந்தக்காரர் வந்து இறங்கினால் வருகிற முகம் அது.

பிறகு வராந்தாவில் என்னிடம் மட்டும் சொன்னார். வருகிற ஞாயிறு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் என்ற ஸ்காலர்ஷிப் பரீட்சை. இந்தத் தோட்டத்தில் நாலு பிள்ளைகள் எழுதுகிறார்கள். தேறுவாள் என்று அவர் நம்புவது ஒருத்தியை. தர்ஷிகா. எங்களுக்குச் சமைக்கும் செல்வியின் மகள்.

"வெட்டுப்புள்ளி எண்டு ஒரு மார்க் இருக்கு, அதைத் தாண்டினா பதுளையில பெரிய பள்ளிக்கூடம், ஹொஸ்டல். இல்லையெண்டா லுணுகலைக்கு மூண்டு மைல் நடையும் பஸ்ஸும். மழை எண்டா பள்ளிக்கூடம் இல்லை. மூண்டு வருசத்தில கொழும்பில ஆரோ ஒருத்தரின்ர வீட்டில பாத்திரம் கழுவிக்கொண்டு நிப்பாள். நான் கண்டது அதுதான் அண்ணை."

"நல்லாப் படிக்குமா?"

"எல்லாம் தெரியும். ஆனா ஒரு கேள்வியை ரெண்டு தரம் வாசிப்பாள், சந்தேகம். நேரம் காணாமப் போயிடும். அந்த ஒண்டைத்தான் நான் இந்தக் கிழமை திருத்துவம் எண்டு இருந்தனான்."

இந்த வாரம்தான் நாங்கள் வந்துவிட்டோம். மேலிடத்துக் கடிதத்தோடு. ஹாலை மேடம் எடுத்துக்கொண்டார். விருந்தாளிகளோடு மாஸ்டரும் நிற்க வேண்டும், அது மரியாதை. பரீட்சைப் பிள்ளைகள் நாலு பேரையும் வராந்தாவில் என் பக்கம் உட்கார வைத்தார். பழைய வினாத்தாள் கொடுத்து, "நீங்க மணியை மட்டும் பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

அப்படி நானும் வாத்தியார் ஆனேன். ஒரு கையில் பிரஷ். கேள்விக்கு ஒன்றரை நிமிஷம் ஆனதும் "அடுத்தது" என்பேன். அவ்வளவுதான் பாடம். முதல் நாள் தர்ஷிகாவுக்கு ஒன்பது கேள்வி மிச்சம். மறுநாள் ஆறு. புதன்கிழமை ஒன்று.

"மாமா, நீங்க 'அடுத்தது'ன்னு சொல்றப்ப மலையில கங்காணி சொல்ற மாதிரியே இருக்கு" என்றாள். மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கங்காணி என்றால் வேலை வாங்குகிற ஆள். கோபம் வரவில்லை.

ஹாலுக்குள் நடந்த படிப்பையும் சொல்ல வேண்டும். முதல் நாள் மேடம் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, "ஐ ஆம் எ லீடர்" என்று கத்தச் சொன்னார். தகரக் கூரை அதிரக் கத்தினார்கள். ஜன்னல் ஓரம் இரண்டு பொடியன்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"லீடர்னா யார்ரா?"

"தொரைடா. ஜீப்புல வருவார்ல."

"அப்ப நம்ம நாப்பது பேரும் தொரைன்னா கொழுந்து யாருடா பறிக்கிறது?"

இரண்டாம் நாள் பல் டாக்டர் பல் தேய்ப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் சொன்னார். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு தேய்க்கக் கூடாது, தண்ணீர் வீணாகும் என்றார். பள்ளிக்கூடத்தில் குழாய் கிடையாது. பிள்ளைகள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அன்றைக்கு மழை. அவர் காலில் அட்டை ஏறி, ரத்தம் குடித்துக் கொழுக்கட்டை மாதிரி தொங்கியது. டாக்டர் பெஞ்சில் ஏறிவிட்டார். ஒன்றாம் வகுப்புப் பொம்பளைப் பிள்ளை ஒன்று சோப்புத் துண்டு எடுத்து வந்து தேய்த்து எடுத்துப் போட்டது. இந்தப் பயணத்தில் ஒழுங்காக நடந்த ஒரே பாடம் அது. சொல்லிக்கொடுத்தது யார், படித்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தார் மேடம். ஒருத்தரும் வரவில்லை. மைக்கில் சொன்னார்: "படிப்போட அருமை தெரியாததுதான் இந்த மக்களோட பிரச்சனை." மைக் நல்ல மைக். மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாமார் எல்லாருக்கும் கேட்டது.

சாயங்காலம் செல்வி ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னார். "காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல பேர் குடுத்துட்டு மலைக்கு ஏறிட்டோம்னா நாலரைக்குத்தான் எறக்கம் மேடம். நடுவுல வந்தா அரைப்பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளம். நாலரைக்கு மேல வச்சிருந்தா எல்லாரும் வந்திருப்போம்ங்க."

"அப்போ நாங்க வாக்கிங் போற டைம்மா" என்றார் மேடம்.

இனி என் வேலை. மேடம் மதுரையிலேயே தாள் எழுதிக் கொடுத்துவிட்டார். தலைப்பு, 'நமது தேசியச் சின்னங்கள்'. பறவை மயில். விலங்கு புலி. பூ தாமரை. மரம் ஆலமரம். நான் தாளைப் பார்த்துச் சாக்பீஸில் கோடு போட்டேன். புலி ஆறடி. வாயைத் திறந்துகொண்டு பாய்கிற மாதிரி. எனக்குப் புலி நன்றாக வரும்.

மாஸ்டர் ஹாலில் இருந்து வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணை. இது என்ன?"

"புலி சார்."

"அது தெரியுது. அழியுங்கோ."

மேடம் வந்தார். "ஏன் சார்? நேஷனல் அனிமல்."

"உங்கட நாட்டுக்கு. இது தமிழ்ப் பள்ளிக்கூடம் மேடம், நான் யாழ்ப்பாணத்தான். இந்தச் சுவரில புலி நிண்டா நாளைக்கு வந்து கேக்கிறது உங்களை இல்லை, என்னை."

மேடத்துக்கு அப்போதுதான் புரிந்தது. உடனே ரகசியக் குரலில் பேச ஆரம்பித்தார். உடம்பு வரிகளை அழித்துப் புள்ளி போட்டேன். புலி சிறுத்தை ஆனது. தலை மட்டும் பெரிய புலித்தலைதான், எனக்குச் சிறுத்தைத் தலை வராது.

நான் கேட்டேன், "மத்ததெல்லாம் சரியா சார்?"

மாஸ்டர் மயிலைப் பார்த்தார். தாமரையைப் பார்த்தார். "இங்க தேசியப் பறவை காட்டுக்கோழி. பூ நீலோற்பலம். மரம் நாகமரம்."

"அது பரவால்ல சார், இண்டியா பத்தியும் தெரிஞ்சுக்கட்டுமே" என்றார் மேடம். "வீடியோவுல மயில்தான் நல்லா வரும்."

 மேடம் போன பிறகு மாஸ்டர் என்னிடம், "புலியை எடுத்ததே பெரிசு. ரெண்டாம் தரமும் வாய் திறந்தா பள்ளிக்கூடம் ஒத்துழைக்கேல்லை எண்டு மேலிடத்துக்கு எழுதிப் போடுவினம்" என்றார்.

நான் மயிலுக்குப் பெயிண்ட் அடித்தேன். தெரிந்தே அடித்தேன். தாளில் இருந்தது.

அந்த நாட்டில் பரீட்சைக்கு முந்தின சில நாள் யாரும் பாடம் நடத்தக் கூடாது என்று உத்தரவாம். புதனோடு மாஸ்டர் நிறுத்திவிட்டார். எங்களுக்கு அந்த உத்தரவு பற்றி யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் எங்களுடையது பாடம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. வெள்ளிக்கிழமை நிறைவு விழா வைத்தோம்.

கல்வி ஆபீஸில் இருந்து ஒரு சிங்கள அதிகாரி வந்தார். சுவரைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார். மாஸ்டர் மாற்றிச் சொன்னார்: "சிறுத்தைக்கு ஏன் இவ்வளவு பெரிய தலை எண்டு கேக்கிறார்." நல்லாச் சாப்பிட்ட சிறுத்தை என்று சொல்லச் சொன்னேன். டீ குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மேடம் பிள்ளைகளைச் சுவர் முன்னால் நிறுத்தி வீடியோ எடுத்தார். மைக்கை நீட்டிக் கேள்வி.

"நமது தேசியப் பறவை?"

"மயில்!" என்று முப்பது பிள்ளைகள் கத்தினார்கள்.

"வெரி குட். நீ சொல்லும்மா. தனியா." தர்ஷிகாவிடம் நீட்டினார்.

"காட்டுக்கோழிங்க."

"நோ. சுவத்தைப் பாரு. நல்லாப் பாத்துச் சொல்லு."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆறடி மயில். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டுக்கோழி" என்றாள், மெதுவாக.

"கோழியா? கோழி பிரியாணிக்கும்மா!" என்றார் மேடம். மஞ்சள் பனியன்கள் சிரித்தன. பிள்ளைகளும் சிரித்தார்கள். விருந்தாளி சிரித்தால் சிரிக்க வேண்டும் அல்லவா. "உக்காரு, இன்னும் கொஞ்சம் படிக்கணும் நீ."

அவள் உட்கார்ந்தாள். அழுததை வீடியோவில் வெட்டிவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு நான் வெள்ளை டின்னைத் திறந்தேன். மயிலுக்கு ஒரு கோட் போதவில்லை, இரண்டு அடித்தேன். காட்டுக்கோழியை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலை லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்து பிள்ளைகள் ஏழெட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"சேவல் மாதிரிதான் மாமா. ஒடம்பு செம்மஞ்சளு."

"வாலு கறுப்பு. வெயில் பட்டா ஊதா அடிக்கும்."

"கொண்டை செகப்பு. நடுவுல மஞ்சப் பொட்டு. அய்யோ, அங்க இல்ல மாமா, நடுவுல!"

"இது என்ன மாமா, காக்கா மாதிரி இருக்கு?"

மூன்று தடவை அழித்து வரைந்தேன். கடைசியில் சரி என்றார்கள். தர்ஷிகா தள்ளி நின்றாள். கிட்டே வந்து கேட்டாள்.

"நான் அழுதேன்னுதானே மாத்துனீங்க?"

"இல்ல. இதுதான் சரி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாஸ்டர் சொன்னார்."

"அப்ப ஏன் அவங்க கேக்கிறப்ப மாஸ்டர் சொல்லல?"

 தாமரையை அழிக்கப் போனேன்.

சாயங்காலம் மேடம் வாக்கிங் முடிந்து வந்தார். "பாண்டி! யாரைக் கேட்டுச் செஞ்ச?"

"பிள்ளைகளை."

"வீடியோ போட்டாச்சு. அதுல மயில். சுவத்துல கோழி. பாக்கிறவங்க வேற ஸ்கூல்னு நினைக்க மாட்டாங்க? மறுபடி மயிலைப் போடு."

"நீலம் தீந்துபோச்சு மேடம்."

நீலம் அரை டின் இருந்தது. கால் பக்கத்திலேயே இருந்தது. மேடம் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.  அன்றிலிருந்து மேடம் என்னோடு நேராகப் பேசவில்லை, பல் டாக்டர் வழியாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேடமும் மற்றவர்களும் எல்ல என்ற ஊருக்குப் பாலம் பார்க்கப் போனார்கள். நான் வரவில்லை என்றேன். செல்வியும் தர்ஷிகாவும் மற்ற மூன்று பிள்ளைகளும் விடியும் முன்னே நடக்க ஆரம்பித்தார்கள். நானும் நடந்தேன். செல்வி பொட்டலமாக ரொட்டி கட்டியிருந்தார். பிள்ளைகளுக்குத்தான் கட்டினார், எனக்கும் ஒன்று வந்தது. மாஸ்டர் லுணுகலையில் காத்திருந்தார், அதே இஸ்திரிச் சட்டை.

டவுன் பள்ளிக்கூடத்து வாசலில் தாய்மார் கூட்டம். தமிழும் சிங்களமும் கலந்து ஒரே சாமி கும்பிடல். ஒரு சிங்கள அம்மா தன் பையனுக்கு விபூதி பூசச் சொல்லிச் செல்வியிடம் நெற்றியை நீட்ட வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்றாராம். செல்வி பூசினார்.

கேட் மூடியது. வெளியே நின்றோம். மாஸ்டர் மணி பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு நின்று பழக்கம்.

மதியம் பிள்ளைகள் வந்தார்கள். தர்ஷிகா கடைசியில் வந்தாள். தண்ணீர் குடித்தாள்.

"எப்படிம்மா?" என்றார் மாஸ்டர்.

"லேசுதான் சேர்."

"எல்லாம் செய்தனியோ?"

 அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"பறவை வந்திச்சி மாமா. தேசியப் பறவை. நாலு விடையில மயிலும் இருந்திச்சி, காட்டுக்கோழியும் இருந்திச்சி."

"எதைப் போட்ட?"

"காட்டுக்கோழிதான். ஆனா மயில் போட்டு, அழிச்சி, மறுபடி யோசிச்சி, அப்புறந்தான் போட்டேன். கடைசிக் கேள்வி தெரிஞ்ச கணக்குதான். வாசிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

மாஸ்டர் அவள் தலையில் கையை வைத்தார்.  சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாதவர்கள் நாங்கள் இரண்டு பேர், அங்கே நின்றோம்.

ஊருக்குத் திரும்பி ரொம்ப நாள் கழித்து மாஸ்டர் போன் செய்தார். நலம் விசாரித்தார். பிறகு, "ரெண்டு புள்ளி அண்ணை" என்றார்.

"தாண்டி?"

"குறைய."

அந்தக் கணக்குக்கு எத்தனை புள்ளி என்று நான் கேட்கவில்லை.  பக்கத்தில் செல்வி இருந்தார், போனை வாங்கினார்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? அவ லுணுகலைக்குப் போறாண்ணே. மழை இல்லாத நாள்ல போறா. அதுக்கென்ன செய்ய. அம்புட்டுத் தூரத்துல இருந்து எங்க புள்ளைகளுக்குன்னு வந்து சொல்லிக்குடுத்தீங்களே, யாருண்ணே வருவா? மேடத்துக்கிட்டயும் சொல்லிருங்க, நாங்க மறக்க மாட்டோம்னு."

சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் சென்டருக்குப் போய் மேடத்திடம் சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார். அதைச் சங்கத்து மலரில் போட வேண்டும், அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதிக் கொடு என்றார். பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.